உடையாத தோலைத் தேடி... லித்தியம் பேட்டரிக்குள் ஓர் அரை நூற்றாண்டுக் கதை

புது செல்ஃபோனுக்குக் காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை தாங்கும். இரண்டு வருஷம் போனால் மத்தியானத்துக்கே சிவப்புக் கோடு காட்டும். சர்வீஸ் கடைக்காரர் கழற்றிப் பார்க்காமலேயே "பேட்டரி வீக்காயிடுச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். சரி, வீக்கானது எது? உள்ளே போட்ட லித்தியம் எங்கேயும் ஆவியாகிப் போய்விடவில்லை. சீல் வைத்த உறைக்குள் போட்டது போட்டபடிதான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதி, இனி வேலைக்கே வர முடியாத ஓர் இடத்தில் போய் முடங்கிவிட்டது.

அந்த இடம், பேட்டரியின் எதிர்முனை மேல் படிந்திருக்கும் ஒரு படலம். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர். இந்தப் படலமோ சில பத்து நானோமீட்டர்தான். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து எஸ்.இ.ஐ. என்பார்கள். தமிழில் 'திட மின்பகுளி இடைப்படலம்' என்று சொல்லலாம். வாயில் நுழைய வேண்டுமே என்பவர்கள் 'தோல்' என்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தோலை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. அது தானாக வந்தது. அது இருக்கிறது என்று புரிந்துகொள்ளவே இருபது வருஷம் ஆனது. அது உடையக்கூடாது என்று புரிந்துகொள்ள ஒரு கம்பெனி திவாலாக வேண்டியிருந்தது.

*

முதலில் அடிப்படைச் சிக்கல். லித்தியம் எலக்ட்ரானைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாத உலோகம். யார் கிடைத்தாலும் கொடுத்துவிடும். பேட்டரிக்கு இது பெரிய வரம், அதனால்தான் அவ்வளவு வோல்டேஜ். ஆனால் பேட்டரிக்குள் ஊற்றும் திரவத்துக்கு இதுவே சாபம். லித்தியத்தைத் தொட்ட எந்தத் திரவமும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சிதைந்துபோகும். தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

1958ல் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், வில்லியம் சிட்னி ஹாரிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தார். வழிகாட்டி சார்லஸ் டோபியாஸ். லித்தியம் போன்ற உலோகங்களைப் புரோப்பிலீன் கார்பனேட் முதலான கரிமத் திரவங்களில் கரைத்த உப்பிலிருந்து படிய வைக்க முடியும் என்று அதில் காட்டினார். கணக்குப்படி அந்தத் திரவத்தை லித்தியம் தின்று தீர்த்திருக்க வேண்டும். ஆனால் திரவமும் இருந்தது, உலோகமும் இருந்தது. எப்படி?

அலுமினியப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டால் விடை பாதி புரியும். அலுமினியம் காற்றோடு வேகமாக வினைபுரியும் உலோகம்தான். ஆனால் முதல் நொடியிலேயே மேலே ஓர் ஆக்சைடு பூச்சு வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு காற்று உள்ளே போக வழியில்லை. இரும்பும் இதைத்தான் செய்யப் பார்க்கிறது. ஆனால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு தெரியும், அதுவும் துருப்பிடிக்கும், அதுவும் உதிரும். அடுப்படியில் அலுமினியச் சட்டி இருபது வருஷம் உழைப்பதற்கும் மழையில் போட்ட இரும்பு வாளி ஓட்டையாவதற்கும் உள்ள வித்தியாசம் வேதியியல் மட்டும் இல்லை. மேலே வந்த பூச்சு நிற்கிறதா, உதிர்கிறதா என்பதும்தான். இந்த அலுமினியம் - துரு ஜோடியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க இதன் விரிவுரைதான்.

லித்தியத்தின் மேல் படலம் இருக்கிறது என்று 1970லேயே ஏ. என். டே என்பவர் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் படலத்துக்கு ஒரு முழுக் கோட்பாட்டைக் கொடுத்தவர் இஸ்ரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமானுவேல் பெலட். 1979ல் வந்த அவருடைய கட்டுரையில்தான் எஸ்.இ.ஐ. என்ற பெயர் பிறந்தது. அவர் சொன்னது இதுதான்: லித்தியத்துக்கும் திரவத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு திடப்பொருள் காவல் நிற்கிறது. அது லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. பேட்டரி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதையே இந்தக் காவல்காரர்தான் முடிவு செய்கிறார்.

ஏறத்தாழ ஐந்து பக்க இடத்தில் ஒரு துறைக்கே அஸ்திவாரம் போடுவது என்பார்களே, அந்த மாதிரிக் கட்டுரைகளில் ஒன்று. பிறகு 80களில் டோரன் ஆர்பாக் போன்றவர்கள் அகச்சிவப்புக் கதிர்களை வைத்து அந்தப் படலத்தில் என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

அயனியை விடு, எலக்ட்ரானை விடாதே. இவை இரண்டு நிபந்தனைகள். மூன்றாவது ஒன்று உண்டு: உடையாதே. இதன் விலை என்ன என்பது அடுத்த பத்து வருஷத்தில் தெரிந்தது.

*

70களில் எண்ணெய் கம்பெனியான எக்ஸானில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் ரீசார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியை உருவாக்கினார். நேர்முனையில் டைட்டானியம் சல்ஃபைடு, எதிர்முனையில் லித்தியம் உலோகம். 80களின் தொடக்கத்தில் எக்ஸான் இதைக் கைகழுவிவிட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரூடி ஹேரிங் என்ற இயற்பியல் பேராசிரியர் 1977ல் மோலி எனர்ஜி என்ற கம்பெனியை ஆரம்பித்தார். நேர்முனையில் மாலிப்டினம் சல்ஃபைடு, அதனால்தான் 'மோலி'. எதிர்முனையில் அதே லித்தியம் உலோகத் தகடு.

80களின் கடைசியில் மோலி உலகத்துக்கே முன்னால் நின்றது. ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியைத் தொழிற்சாலையில் செய்து சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் செல்ஃபோன்களுக்குள் போய் உட்கார்ந்தது மோலி பேட்டரி. 1989ல் அங்கே ஒரு ஃபோன் தீப்பிடித்தது. விற்ற பேட்டரி எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது, பிறகு ஜப்பானியக் குழு ஒன்று வாங்கிக்கொண்டது.

உள்ளே என்ன நடந்தது? சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் வந்து தகட்டின் மேல் உலோகமாகப் படிகின்றன. பயன்படுத்தும்போது கரைந்து போகின்றன. அதாவது அந்தப் பரப்பு நிலையாக இருப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் மேலே எழும்புகிறது, கீழே இறங்குகிறது. மேலே ஒட்டியிருக்கும் தோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் படலம் மெல்லியது, தடை குறைவு. எனவே அடுத்த சார்ஜில் அயனிகள் எல்லாம் அந்த ஓட்டையைப் பார்த்தே ஓடி வருகின்றன. டிராஃபிக்கில் ஒரு சந்து திறந்தால் எல்லா டூவீலரும் அங்கேயே நுழைகிற மாதிரி. அங்கே லித்தியம் குவிந்து ஊசி போல முளைக்கிறது. முளைக்க முளைக்கத் தோல் மேலும் கிழிகிறது. ஊசி வளர்ந்து நடுவிலிருக்கும் தடுப்பைத் துளைத்து மறுமுனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். திரவமோ எரியக்கூடியது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வேதியியல்படி பார்த்தால் மோலி பேட்டரியில் எல்லாம் சரி. படலம் வந்தது, அயனியை விட்டது, எலக்ட்ரானைத் தடுத்தது. நின்றுபிடிக்கத்தான் முடியவில்லை. அலுமினியமாக இருக்க வேண்டியது துருவாகிப் போனது.

*

அப்படியானால் பரப்பு ஆடாத ஓர் எதிர்முனை வேண்டும். கிராஃபைட் அதற்குப் பொருத்தமான ஆள். பென்சில் முனையில் இருக்கும் அதே கரிதான். அடுக்கு அடுக்காக இருக்கும் அதன் இடைவெளிகளில் லித்தியம் போய் உட்காரும். லித்தியம் முழுதும் நுழைந்தாலும் கிராஃபைட் பத்து சதவீதம் போலத்தான் உப்பும். அந்த அளவு அசைவை ஒரு மெல்லிய தோல் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் கிராஃபைட்டை ஏற்கெனவே முயன்று கைவிட்டிருந்தார்கள்! முன்பு சொன்ன டே, சல்லிவன் என்பவரோடு சேர்ந்து 1970லேயே புரோப்பிலீன் கார்பனேட்டில் கிராஃபைட்டை வைத்துப் பார்த்தார். திரவம் சிதைந்து வாயுவாக வெளியேறியதுதான் மிச்சம். அந்தத் திரவத்தின் மூலக்கூறுகளே லித்தியத்தோடு ஒட்டிக்கொண்டு அடுக்குகளுக்குள் புகுந்து, அவற்றை வெங்காயம் உரிப்பது போல உரித்துவிடும். உரிந்துகொண்டே இருக்கும் பரப்பில் தோல் எங்கே நிற்பது?

இருபது வருஷம் கழித்து, 1990ல், ஃபாங், வான் சாக்கன், ஜெஃப் டான் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எத்திலீன் கார்பனேட் என்ற திரவத்தைச் சேர்த்தால் கிராஃபைட் உரிவதில்லை, முதல் சார்ஜில் மட்டும் கொஞ்சம் திரவம் சிதைந்து படலமாகிறது, அதோடு சரி என்று காட்டினார்கள். புரோப்பிலீன் கார்பனேட்டுக்கும் எத்திலீன் கார்பனேட்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மெதில் தொகுதி: ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். அவ்வளவுதான். எத்திலீன் கார்பனேட்டை ஏன் முன்பே நாடவில்லை என்றால், அது 36 டிகிரிக்குக் கீழே உறைந்து திடமாகிவிடும், அதாவது மனித உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே. பேட்டரிக்குள் ஊற்றும் திரவம் சாதாரண அறையில் கட்டியாக இருந்தால் யார் சீண்டுவார்கள்? மற்ற திரவங்களோடு கலந்தால் கட்டியாகாது என்பது பிற்பாடு எல்லோருக்கும் சாதாரண விஷயமாகிவிட்டது.

இந்த ஜெஃப் டான் எங்கே வேலை பார்த்தவர் தெரியுமா? மோலி எனர்ஜியில். மோலியின் தோல்வியை உள்ளேயிருந்து பார்த்தவர்தான் உடையாத தோலுக்கான திரவத்தையும் காட்டினார். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம் :-)

இதற்கிடையில் ஜப்பானில் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜான் குட்இனஃப் 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் கொடுத்த கோபால்ட் ஆக்சைடு நேர்முனையை எடுத்துக்கொண்டு, அசாஹி கசெய் கம்பெனியின் அகிரா யோஷினோ எதிர்முனைக்குப் பெட்ரோலியம் கோக் என்ற கரியைப் பொருத்தினார். கோக்கில் அடுக்குகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், எனவே எளிதில் உரியாது. 1991ல் சோனி முதல் லித்தியம் அயனி பேட்டரியைக் கரி எதிர்முனையோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. லித்தியம் உலோகமே உள்ளே கிடையாது. சில வருஷங்களில் கோக் போய்க் கிராஃபைட் அந்த இடத்தைப் பிடித்தது, எத்திலீன் கார்பனேட்டின் தயவால். 2019ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் பரிசு வந்தது. நடுவில் காவல் நின்ற தோலுக்காக யாரையும் மேடை ஏற்றவில்லை. பெலட்டின் பெயரும் அங்கே இருந்திருக்கலாம் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

*

இனி கணக்கு. காமர்ஸ் கூட்டம் நிமிர்ந்து உட்காரலாம்.

பேட்டரியில் போடும் லித்தியம்தான் முதல். தோல் உருவாக அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே முதல் சார்ஜை ரொம்ப மெதுவாகக் கொடுத்து, நாட்கணக்கில் வைத்திருந்து, தோலை நன்றாக வளரவிட்ட பிறகே பேட்டரியை வெளியே அனுப்புகிறார்கள். கிராஃபைட்டில் இந்த முதல் செலவே பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். கம்பெனி ஆரம்பிக்கும்போது வரும் பூர்வாங்கச் செலவு மாதிரி. வலித்தாலும் ஒரே தடவைதான்.

அதற்குப் பிறகு தோல் உடையாமல் இருந்தால் செலவு குறைந்துகொண்டே வரும். தோல் தடிக்கத் தடிக்க, அதைக் கடந்து வினை நடப்பது கஷ்டமாகிறது. தடிமன் இரண்டு மடங்காக நான்கு மடங்கு காலம் ஆகும். ஆனால் ஒவ்வொரு சார்ஜிலும் தோல் உடைந்தால்? ஒவ்வொரு சார்ஜிலும் புதுப் பரப்பு, புதுத் தோல், புதுச் செலவு. பால் மேல் ஆடை படிந்தால் அப்படியே இருக்கும். கரண்டியால் எடுத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும், ஒவ்வொரு தடவையும் அதே பாலிலிருந்து.

இந்தச் செலவு கூட்டு வட்டிக் கணக்கில் போகிறது, தலைகீழாக. ஒரு சார்ஜுக்கு 99.9 சதவீதம் லித்தியம் திரும்பி வருகிறது என்றால் பிரமாதமாகத்தான் தெரியும். ஆயிரம் சார்ஜ் போட்டுப் பாருங்கள்: 0.999ஐ ஆயிரம் முறை பெருக்கினால் 37 சதவீதம்தான் மிஞ்சும். 99.99 என்றால் 90 சதவீதம் மிஞ்சும். பரீட்சையில் 99.9க்கும் 99.99க்கும் வித்தியாசம் பார்ப்பவர் யாரும் இல்லை. பேட்டரியில் அதுதான் செத்த ஃபோனுக்கும் உயிருள்ள ஃபோனுக்கும் உள்ள வித்தியாசம். ஜெஃப் டான் பிற்பாடு கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் இந்தச் சின்ன வித்தியாசத்தை அளப்பதற்கென்றே மிகத் துல்லியமான சார்ஜர்களைக் கட்டினார். நாலைந்து வருஷம் காத்திருக்காமல், சில வாரங்களிலேயே எந்தத் தோல் நிற்கும் எது நிற்காது என்று ஊகிக்க அது உதவியது.

*

கிராஃபைட்டோடு கதை முடிந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி பிடிக்கும். ஒரு கிராம் சிலிக்கான் சுமார் 3,580. கிட்டத்தட்ட பத்து மடங்கு! சிலிக்கான் மண்ணிலேயே கிடக்கும் பொருள் வேறு. ஆனால் லித்தியத்தை வாங்கிக்கொண்ட சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாகும். கொடுத்துவிட்டால் பழையபடி சுருங்கும்.

பலூனுக்குப் பெயின்ட் அடித்துக் காயவிட்டு ஊதினால் என்ன ஆகுமோ அதுதான் தோலுக்கும் ஆகும். ஊதும்போது வெடிப்பு, வெடிப்பில் புதுப் பெயின்ட். காற்றைத் திறந்துவிட்டால் பழைய பெயின்ட்டும் புதுப் பெயின்ட்டும் சேர்ந்து சுருங்கி மடிப்பு. மறுபடி ஊதினால் மறுபடி வெடிப்பு. கடைசியில் பலூனைவிடப் பெயின்ட் அதிகமாகிவிடும். அதோடு சிலிக்கான் துகளே வெடித்துப் பொடியாகிவிடும்.

பொடியாகும் பிரச்சினைக்கு முதலில் வழி பிறந்தது. 2008ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் யி குய் குழுவினர் சிலிக்கானை நானோ அளவு கம்பிகளாக வளர்த்தார்கள். கம்பி உப்புவதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது, உடையவில்லை. பின்னர் 2012ல் நுண்ணோக்கிக்குள்ளேயே சார்ஜ் செய்து பார்த்தவர்கள், சுமார் 150 நானோமீட்டருக்குக் குறைவான சிலிக்கான் துகள் உடைவதில்லை என்று அளந்தும் சொன்னார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் துகள் உடையாவிட்டாலும் அதன் மேலிருக்கும் தோல் உடைந்துகொண்டுதான் இருந்தது. துகள் சின்னதாக ஆகப் பரப்பும் அதிகம், தோலும் அதிகம். ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல்.

அதே 2012ல் அதே குழு போட்ட அடுத்த காய் நிஜமாகவே அழகானது. சிலிக்கானைக் கம்பியாக இல்லாமல் உள்ளே கூடான குழாயாகச் செய்தார்கள். வெளிச்சுவரில் சிலிக்கான் ஆக்சைடு என்ற விறைப்பான பூச்சு. லித்தியம் அயனி அதைத் தாண்டி உள்ளே போகும். சிலிக்கான் உப்பும்போது வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை நோக்கி உப்பும். வெளிச்சுவர் அசையாது. தோல் வெளிச்சுவர் மேல்தானே இருக்கிறது? அதற்கு உள்ளே நடக்கும் கலாட்டாவே தெரியாது. 6,000 முறை சார்ஜ் செய்தும் 88 சதவீதத் திறன் மிஞ்சியது. தோலைப் பலப்படுத்தாமல், தோலின் கீழே இருக்கும் தரையை அசையாமல் வைத்ததுதான் சூட்சுமம்.

ஆய்வகத்தில் ஜெயித்த அந்தக் குழாய் அப்படியே கடைக்கு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நானோ குழாய் வளர்ப்பது மலிவான வேலையில்லை. சந்தைக்கு வந்தது சமரசம். கிராஃபைட்டோடு கொஞ்சமே கொஞ்சம் சிலிக்கான் கலப்பது (டெஸ்லா கார்களில் 2015ல் இப்படிக் கலக்க ஆரம்பித்ததாக ஈலான் மஸ்க்கே அறிவித்தார்), அல்லது சிலிக்கானைக் கரிக்குள் பொதித்து வைப்பது. 2023லிருந்து சில சீன ஃபோன்களில் வரும் 'சிலிக்கான் கார்பன்' பேட்டரி இரண்டாவது ரகம். கூடவே மின்பகுளியில் ஃப்ளூரோ எத்திலீன் கார்பனேட் போன்ற மசாலாக்களைச் சில சதவீதம் சேர்க்கிறார்கள். அது முதலில் சிதைந்து, சாதாரணத் தோலைவிட வளைந்துகொடுக்கும் தோலைத் தரும். சமையலைக் கெடுக்காமல் பெருங்காயம் சேர்க்கிற அளவுதான். அது தீர்ந்துபோனால் பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

*

இன்னொரு பக்கம், மோலியின் பழைய கனவை மறக்காதவர்கள் இருந்தார்கள். லித்தியம் உலோகத்தையே எதிர்முனையாக வைப்பது. தோல்தானே கிழிகிறது, கிழியவே முடியாத மாதிரி கெட்டியாக ஒன்றை நாமே வைத்துவிட்டால்?

2005ல் பெர்க்லியைச் சேர்ந்த சார்லஸ் மன்ரோ, ஜான் நியூமன் இருவரும் இதைக் கணக்கே போட்டுக் காட்டினார்கள். லித்தியத்தின் விறைப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்புள்ள பொருளை அதன்மேல் வைத்தால், ஊசி முளைக்கும் இடத்திலேயே அமுங்கிவிடும். லித்தியம் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். அதைவிட இரண்டு மடங்கு என்பது பீங்கான் வகைகளுக்குத் தூசி. எனவே போட்டி ஆரம்பமானது, கெட்டியான பொருளைத் தேடி.

2007ல் ஒரு நல்ல பொருள் வந்தது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் வெர்னர் வெப்னரோடு சேர்ந்து இராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை இருவரும் லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் கலந்த கார்னெட் வகை ஆக்சைடு ஒன்றை அறிவித்தார்கள். பெயர்களைப் பார்த்தாலே நம்மவர்கள் என்று தெரிகிறது. முருகன் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இதே ஆய்வைத் தொடர்ந்தார். இந்தப் பீங்கான் லித்தியம் அயனியை வேகமாகக் கடத்தியது, லித்தியத்தைத் தொட்டாலும் பெரிதாகச் சிதையவில்லை. விறைப்போ லித்தியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மன்ரோ - நியூமன் கேட்டது இரண்டு மடங்கு. தாராளமாகப் பாஸ்.

ஆனால் வேகமாகச் சார்ஜ் செய்தபோது அந்தப் பீங்கானையும் லித்தியம் துளைத்துக்கொண்டு போனது!

மெழுகைப் போன்ற உலோகம் பீங்கானை எப்படித் துளைக்கும்? 2017ல் எம்.ஐ.டி.யின் யெட்-மிங் சியாங் உள்ளிட்ட குழு இதற்கு விளக்கம் தந்தது. பீங்கானின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். லித்தியம் அந்தக் கீறலுக்குள் படிய ஆரம்பிக்கிறது. பின்னால் வரும் லித்தியத்துக்கு இடம் வேண்டும், அழுத்தம் ஏறுகிறது, கீறல் விரிகிறது. கோயில் கோபுரத்தின் விரிசலில் முளைத்த அரசங்கன்று நினைவுக்கு வருகிறதா? அதன் வேர் கருங்கல்லைவிடக் கெட்டியா என்ன? கெட்டியான பொருள் வளையாது, எனவே பிளக்கிறது. 2005ன் கணக்கில் தப்பில்லை. கீறலே இல்லாத, வழுவழுப்பான பரப்புக்கு அது பொருந்தும். அப்படி ஒரு பரப்பைத் தொழிற்சாலையில் செய்து தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு விறைப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பது குறைந்தது. எவ்வளவு நீண்டால் கிழியும், விரிசல் விழுந்தால் பரவுமா நிற்குமா, பரப்போடு எவ்வளவு ஒட்டும் என்ற கேள்விகள் முன்னுக்கு வந்தன. பெலட்டே 1997ல் இந்தத் தோல் ஒரே பொருளால் ஆனதல்ல, பல சேர்மத் துணுக்குகளை ஒட்டுப்போட்ட மொசைக் தரை மாதிரி என்று எழுதியிருந்தார். உள்பக்கம் லித்தியம் ஃப்ளூரைடு போன்ற கெட்டியான, எளிதில் நொறுங்கும் உப்புகள். வெளிப்பக்கம் மெத்தென்ற கரிமப் பொருட்கள். அதனால்தான் இதை அளக்க முயன்றவர்களுக்கு ஒரே படலத்தில் ஓரிடத்தில் ரப்பர் மாதிரியும் இன்னோரிடத்தில் கல் மாதிரியும் விடை வந்தது.

அளப்பதிலேயே இன்னொரு கோளாறும் இருந்தது. பல காலமாகப் பேட்டரியைப் பிரித்து, எதிர்முனையைக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் தோலைப் பெரும்பாலும் பார்த்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் கதிர்பட்டே சிதைந்துபோகும். 2017ல் ஸ்டான்ஃபோர்டில் யி குய், ஸ்டீவன் சூ குழுவினர் உயிரியல்காரர்களிடமிருந்து ஒரு வித்தையைக் கடன் வாங்கினார்கள். புரதங்களை உறைய வைத்துப் படமெடுப்பது போல லித்தியத்தையும் அதன் தோலையும் கடுங்குளிரில் வைத்து அணு அளவில் படமெடுத்தார்கள். 2022ல் ஒரு படி மேலே போய், கழுவாமல், உலர்த்தாமல், மின்பகுளியோடு சேர்த்தே உறைய வைத்துப் பார்த்தார்கள். தோல் ஊறிப்போயிருந்தது! தண்ணீரில் போட்ட அப்பளம் மாதிரி. காய்ந்த தோலை அளந்து எழுதிய எண்கள் வேறு, பேட்டரிக்குள் வேலை பார்க்கும் ஈரத் தோல் வேறு. எந்த மின்பகுளியில் தோல் அதிகம் ஊறியதோ அந்த பேட்டரி பெரும்பாலும் சீக்கிரம் சோர்ந்தது, குறைவாக ஊறியது நீண்ட நாள் ஓடியது.